கல்லாப்பெட்டியில் தொடங்கிய டிஜிட்டல் அரசு: கென்யாவில் நடப்பது என்ன?

கென்யாவில் ஜூன் 30 வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள். 2023இல் அதே நாளில்தான் அதிபர் வில்லியம் ரூட்டோ, நைரோபியின் கென்யாட்டா சர்வதேச மாநாட்டு மையத்தில் மேடையேறி, அரசின் 5,000க்கும் மேற்பட்ட சேவைகள் இனி ‘இ-சிட்டிசன்’ என்ற ஒரே இணையதளத்தில் கிடைக்கும் என்று அறிவித்தார். அதுவரை அந்தத் தளத்தில் இருந்தவை சில நூறுதான். கூடவே ஒரு கைப்பேசிச் செயலியும் வந்தது. தேதி தற்செயலாகவே அமைந்திருக்கலாம். ஆனால் கென்யாவின் டிஜிட்டல் அரசைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான தேதி இல்லை. அங்கே அரசு இணையத்துக்கு வந்தது முதலில் பணம் வாங்கத்தான். சேவை அதன் பின்னால் வந்தது. சில இடங்களில் இன்னும் வந்து சேரவில்லை.

ஆப்பிரிக்காவில் அரசு அலுவல்களை இணையத்துக்குக் கொண்டுவந்த நாடுகள் என்று பேச்சு வந்தால் ருவாண்டாவையும் கென்யாவையும் முதலில் சொல்வார்கள். ருவாண்டா சின்ன நாடு. மேலே ஒரு உத்தரவு போட்டால் கடைசி கிராமம் வரை ஓடும். கென்யாவில் அந்தக் கதை நடக்காது. அமைச்சகங்களுக்குள் சண்டை வரும், நீதிமன்றம் தடை போடும், தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையில் போட்டு உடைப்பார், மக்கள் சமூக ஊடகத்தில் கிழித்துத் தொங்கவிடுவார்கள். எனக்குக் கென்யாவின் மீது ஆர்வம் வந்ததே இந்த ரகளையால்தான். டிஜிட்டல் அரசு என்ற பளபளப்பான பேச்சுக்குப் பின்னால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பது சண்டை நடக்கும் இடத்தில்தான் தெரியவரும்.

பணம் முதலில் கைப்பேசிக்குள் வந்தது

எல்லாவற்றுக்கும் அடித்தளம் எம்-பெசா. சஃபாரிகாம் நிறுவனம் 2007 மார்ச்சில் தொடங்கிய கைப்பேசிப் பணச் சேவை. முதலில் நினைத்தது வேறு: சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைக் கைப்பேசியில் கட்ட வேண்டும் என்பதுதான் 2005இல் நடந்த முன்னோட்டத்தின் நோக்கம். மக்கள் அதைத் தங்களுக்கு வேண்டிய மாதிரி வளைத்துக்கொண்டார்கள். நைரோபியில் வேலை பார்ப்பவர் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்தார். பேருந்து ஓட்டுநர் கையில் உறையைக் கொடுத்தனுப்பும் வழக்கம் அத்தோடு குறைந்தது. வங்கிக் கணக்கு வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் ‘கபாம்பே’ என்று சொல்லும் பட்டன் போன் போதும். தெருமுனைக் கடையில் பச்சைப் பெயின்ட் அடித்த கூண்டுக்குள் ஒரு முகவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் காசைக் கொடுத்தால் அது எண்ணாக மாறி போனுக்குள் போய்விடும்.

மத்திய வங்கி இதை நடத்தவிட்டதுதான் பெரிய விஷயம். சட்டம் எதுவும் அப்போது இல்லை. ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம், அவ்வளவுதான். 2008 கடைசியில் வங்கிகள் முணுமுணுத்து, நிதி அமைச்சகம் தணிக்கைக்கு உத்தரவிட்டு, அடுத்த மாதமே பாதுகாப்பானதுதான் என்று முடிவு சொல்லிவிட்டது. சஃபாரிகாமில் அரசுக்கும் பெரும் பங்கு இருந்தது என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

அப்புறம் ‘பேபில்’ வந்தது. ஒரு நிறுவனத்துக்கு ஒரு எண். அந்த எண்ணையும் நம் கணக்கு எண்ணையும் போட்டால் மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், எதையும் கட்டிவிடலாம். பெரும்பாலான நாடுகளில் அரசு இணையதளம் கட்டுபவர்கள் முட்டி நிற்பது பணம் கட்டும் இடத்தில்தான்: படிவத்தை நிரப்பிவிட்டு வங்கிக்குப் போய் சலான் எடுத்து வர வேண்டியிருக்கும். கென்யாவில் அந்தச் சிக்கல் அரசு இணையதளம் வருவதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது.

கடலடிக் கம்பிவடம் வந்தது 2009இல். அதுவரை கிழக்கு ஆப்பிரிக்காவின் இணையம் செயற்கைக்கோளை நம்பி, மெதுவாகவும் விலை கூடுதலாகவும் இருந்தது. வேறு யாராவது போடட்டும் என்று காத்திருக்காமல் கென்ய அரசே முன்னின்று ஐக்கிய அமீரகத்தின் ஃபுஜைராவிலிருந்து மொம்பாசாவுக்கு ‘டீம்ஸ்’ வடத்தை இழுத்தது. அதே ஆண்டில் தனியாரின் ‘சீகாம்’ வடமும் வந்து சேர்ந்தது. அப்போது தகவல் தொடர்புத் துறைச் செயலராக இருந்தவர் பிதாங்கே என்டெமோ. 2011இல் அரசின் தரவுகளை எல்லோருக்கும் திறந்துவிடும் தளத்தையும் அவர் காலத்தில்தான் தொடங்கினார்கள். அது ஆரம்ப ஆரவாரத்துக்குப் பிறகு சுருண்டு படுத்துக்கொண்டது. அதில் வசூல் எதுவும் இல்லை.

ஒரே கூடம், ஒரே தளம், யாருடைய சொத்து?

2013இல் ஆட்சிக்கு வந்த உஹுரு கென்யாட்டா அரசு இரண்டு வழிகளைத் திறந்தது. ஒன்று ‘ஹுடுமா’ மையங்கள். அதே ஆண்டு நவம்பரில் நைரோபி தலைமைத் தபால் நிலையக் கட்டடத்தில் முதல் மையம் வந்தது. பிறப்புச் சான்று, அடையாள அட்டை, காவல்துறைச் சான்று, மாணவர் கடன், ஓய்வூதியம் என்று பல துறைகளின் மேசைகள் ஒரே கூடத்தில்; டோக்கன் எடுத்து உட்கார்ந்தால் எண் கூப்பிடும். பிறகு 47 மாவட்ட அரசுப் பகுதிகளுக்கும் பரவியது. 2015இல் ஐ.நா.வின் பொதுச் சேவை விருது கிடைத்தது. ஒரு அலுவலகத்தில் எழுத்தரின் முகத்தைப் பார்த்தே நாளைக் கழித்த தலைமுறைக்கு இது உண்மையிலேயே பெரிய மாற்றம். கென்யாவின் எல்லா முயற்சிகளிலும் எந்தச் சச்சரவும் இல்லாமல் மக்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்வது இந்த ஒன்றைத்தான். கவனித்தால், நான்கில் மூன்று பங்கு இதில் டிஜிட்டலே இல்லை. நல்ல நாற்காலி, ஒழுங்கான வரிசை, மரியாதையாகப் பேசும் ஆள்.

இன்னொன்று 2014இல் வந்த இ-சிட்டிசன். உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி ஆதரவோடு முன்னோட்டமாகத் தொடங்கி, ‘வெப்மாஸ்டர்ஸ் கென்யா’ என்ற உள்ளூர் நிறுவனம் கட்டியது. நிறுவனப் பதிவு, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் விண்ணப்பம், நில விவரத் தேடல், திருமணப் பதிவு ஆகியவை முதல் வரிசையில் இருந்தன. கல்யாணத்துக்கு அறிவிப்பு கொடுப்பதைக்கூட எம்-பெசாவில் காசு கட்டி முடிக்கலாம் என்றானது. கட்டணம் எதுவானாலும் அதோடு பெரும்பாலும் 50 ஷில்லிங் ‘வசதிக் கட்டணம்’ சேரும். இந்திய மதிப்பில் முப்பது ரூபாய்ச் சொச்சம்.

அந்த 50 ஷில்லிங்தான் பல ஆண்டுச் சண்டைக்கு வித்து. பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது, அங்கிருந்து கருவூலத்துக்கு எப்போது வருகிறது, மென்பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகளைத் தலைமைத் தணிக்கையாளர் திரும்பத் திரும்ப எழுப்பினார். தளத்தைக் கட்டியவர்களுக்கும் வசூலை நடத்தியவர்களுக்கும் இடையே உரிமை வழக்கு நடந்தது. ஒரு நாட்டின் குடிமக்கள் தங்கள் அரசோடு பேசும் வாசல் தனியார் கையில், அதுவும் எந்தத் தனியார் என்றே தீராத நிலையில், ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஒரு வழியாக 2023இல் அது அரசின் கைக்கு வந்துவிட்டதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு வந்த தணிக்கை அறிக்கைகளும் முழுக் கட்டுப்பாடு அரசிடம் இருக்கிறதா என்ற சந்தேகத்தை விட்டபாடில்லை.

ரூட்டோ 2022 செப்டம்பரில் பதவியேற்றபோது நாடு கடனில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. எங்கெங்கே காசு கசிகிறது என்று பார்த்தபோது, அரசு அலுவலகங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேபில் எண்களை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு வசூலித்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. எல்லாவற்றையும் மூடிவிட்டு 222222 என்ற ஒரே எண்ணுக்கு மாற்ற உத்தரவு போனது. ஒரு நாட்டின் எல்லா அரசுக் கட்டணங்களுக்கும் ஆறு இரண்டுகள். மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. 2023 ஜூனில் அறிவித்த அந்த 5,000 சேவைகளின் உண்மையான உந்துதல் இதுதான். ஒவ்வொரு துறையும் தன் கல்லாவை மத்திய கல்லாவோடு இணைத்தாக வேண்டும். இணைத்த கையோடு அது ஒரு ‘டிஜிட்டல் சேவை’ என்று கணக்கில் ஏறிவிடும்.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பொதுப் பணம் எந்தெந்தக் கையால் வாங்கப்படுகிறது என்று தெரியாத அரசு எதையும் ஒழுங்காகக் கொடுக்க முடியாது. ஆனால் ‘5,000 சேவை’ என்றால் 5,000 வேலை வீட்டிலிருந்தே முடிகிறது என்று அர்த்தமில்லை. அதில் ஏராளமானவை ஒரு கட்டணப் பொத்தானோடு முடிந்துவிடுகின்றன.

எல்லா முட்டைகளும் ஒரே இடத்தில்

மேடையேறி அறிவித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2023 ஜூலைக் கடைசியில் இ-சிட்டிசன் முடங்கியது. ‘அனானிமஸ் சூடான்’ என்ற குழு தாங்கள்தான் செய்தோம் என்றது. உள்ளே நுழைந்து திருடும் வகைத் தாக்குதல் இல்லை இது. போலிக் கோரிக்கைகளை வெள்ளமாக அனுப்பி, உண்மையான ஆட்கள் வாசலுக்கே வர முடியாமல் செய்வது. தகவல் எதுவும் திருடு போகவில்லை என்று அப்போதைய அமைச்சர் எலியுட் ஒவாலோ சொன்னார். இருந்தும் விசா விண்ணப்பித்தவர்கள் தவித்தார்கள். விமான நிலையத்திலேயே விசா தருகிறோம் என்று அரசு அவசரமாக அறிவிக்க வேண்டியிருந்தது. நைரோபி–மொம்பாசா ரயிலுக்குச் சீட்டு எடுக்க முடியவில்லை. கைப்பேசிப் பணமும் தடுமாறியது. முன்கூட்டிப் பணம் கட்டி வாங்கும் மின்சாரத்துக்கான எண் வராமல் வீடுகள் இருட்டில் உட்கார்ந்தன. ஓராண்டுக்கும் மேல் கழித்து, 2024 அக்டோபரில், அமெரிக்க நீதித்துறை இந்தக் குழுவை நடத்தியதாக இரண்டு சூடான் சகோதரர்கள் மீது குற்றம் சாட்டியது. பல நாடுகளைத் தாக்கிய குழுவின் பின்னால் இருந்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டது இரண்டே பேர்.

ஆயிரம் பேபில் இருந்த காலத்தில் இப்படி ஒரே அடியில் எல்லாமே விழுந்திருக்காது. சிதறிக் கிடந்ததில் இருந்த ஒரே நன்மை அது.

சைபர் கடை இல்லாமல் எதுவும் நகராது

இனி ஒரு சேவையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கென்யாவில் வேலை தேடும் இளைஞர் யாரைக் கேட்டாலும் ‘குட் காண்டக்ட்’ என்பார். காவல்துறை தரும் நன்னடத்தைச் சான்று. இதோடு வரிப் பாக்கி இல்லை, மாணவர் கடன் பாக்கி இல்லை, வங்கிக் கடன் பாக்கி இல்லை, ஊழல் வழக்கு இல்லை என்று மொத்தம் ஐந்து சான்றுகள். அரசியலமைப்பின் ஆறாம் அத்தியாயம் தலைவர்களின் நேர்மை பற்றிப் பேசுகிறது. அமைச்சர்களை மனதில் வைத்து எழுதிய அந்த அத்தியாயத்தின் பெயரைச் சொல்லித்தான் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பிக்கும் பையனிடம் இவ்வளவும் கேட்கிறார்கள்.

நன்னடத்தைச் சான்றுக்குக் கட்டணம் 1,050 ஷில்லிங்: சான்றுக்கு 1,000, மேலே அந்த 50. இ-சிட்டிசனில் நுழைந்து, விவரம் நிரப்பி, எம்-பெசாவில் காசு கட்டியாகிவிட்டது. இதுவரை சில நிமிடங்கள்தான். அடுத்து, கட்டண ரசீதை அச்செடுக்க வேண்டும். ‘சி24’ என்ற படிவத்தை ஒரே ஏ4 தாளின் இரண்டு பக்கமும் வருமாறு அச்செடுக்க வேண்டும். இரண்டு தனித்தாளாகக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதை எடுத்துக்கொண்டு ஹுடுமா மையத்துக்கோ, கியாம்பு சாலையில் இருக்கும் குற்றப் புலனாய்வுத் தலைமையகத்துக்கோ நேரில் போக வேண்டும். அங்கே பத்து விரலிலும் கறுப்பு மையைத் தடவி அந்தத் தாளில் உருட்டி எடுப்பார்கள். பிறகு காத்திருந்து, தயாரானதும் தளத்திலிருந்து சான்றைப் பதிவிறக்கி, மறுபடியும் அச்செடுக்க வேண்டும்.

வீட்டில் அச்சு இயந்திரம் யாரிடம் இருக்கிறது? அதனால் இந்த வழி முழுக்க ‘சைபர்’ வழியாகத்தான் போகிறது. இணையக் கடைகள் பல நாடுகளில் மறைந்துவிட்டன. கென்யாவில் அவை அரசின் அறிவிக்கப்படாத கிளை அலுவலகங்களாக மாறிவிட்டன. வாசலில் பலகை: கேஆர்ஏ பின் (வரி எண்), ஹெல்ப் (மாணவர் கடன்), என்டிஎஸ்ஏ (ஓட்டுநர் உரிமம்), பாஸ்போர்ட், குட் காண்டக்ட், லேமினேஷன். வருமானமே இல்லாதவரும் வரி எண் வைத்திருந்தால் ஆண்டுதோறும் ‘பூஜ்யக் கணக்கு’ தாக்கல் செய்தாக வேண்டும், தவறினால் 2,000 ஷில்லிங் அபராதம். வேலைக்கு மனுப் போடவே வரி எண் கேட்பார்கள் என்பதால் மாணவர்கள்கூட அதை எடுத்து வைத்திருப்பார்கள். ஆக ஜூன் கடைசி வாரத்தில் சைபர் கடைகளில் கூட்டம் அலைமோதும். வருமானம் இல்லை என்று அரசுக்குச் சொல்வதற்குக் கடைக்காரருக்கு நூறு இருநூறு ஷில்லிங் கொடுக்க வேண்டும்.

இதன் ஆபத்தும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மின்னஞ்சல் முகவரியை உருவாக்கித் தருபவர் கடைக்காரர், கடவுச்சொல்லை வைப்பவரும் அவரே, அதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவரும் அவரே. அடுத்த முறை வாடிக்கையாளர் அவரிடமே வருவார். வேறு வழி இல்லை. அரசு கணக்குப்படி அது ‘சுயமாகப் பெற்ற’ சேவை. ரூட்டோ வாக்குக் கொடுத்த 1,450 டிஜிட்டல் மையங்களும், 25,000 இலவச வைஃபை இடங்களும், 1,00,000 கிலோமீட்டர் இழைவடமும் முழுதாக வந்தாலும் இந்தக் கடைக்காரருக்குப் பெரிதாக நட்டம் வராது என்று நினைக்கிறேன். அவர் விற்பது இணையத்தை இல்லை. படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதைப் போட்டால் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்ற அனுபவத்தை.

கொடுக்க வேண்டிய இடத்தில்

வாங்கும் பக்கம் இவ்வளவு வேகமாக ஓட, கொடுக்கும் பக்கம் எப்படி? பாஸ்போர்ட்டைப் பாருங்கள். விண்ணப்பம் இணையத்தில், கட்டணம் கைப்பேசியில், நேரம் ஒதுக்குவதும் இணையத்தில். அதன் பிறகு அச்சிட்ட காகிதக் கட்டோடு நைரோபியின் நயாயோ ஹவுஸ் போன்ற குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்ப் படமும் கைரேகையும் கொடுக்க வேண்டும். (முன்னாள் அதிபர் மோய் ஆட்சிக் காலத்தில் இதே கட்டடத்தின் அடித்தளத்தில்தான் அரசியல் கைதிகளைச் சித்திரவதை செய்தார்கள். மேலே இன்று பாஸ்போர்ட் வரிசை.) 2023இல் விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்தன. காரணம் இணையம் இல்லை: அச்சு இயந்திரங்கள் பழசாகி அடிக்கடி படுத்துக்கொண்டன, வெற்றுக் கையேடுகளுக்குத் தட்டுப்பாடு. வளைகுடா நாடுகளில் வீட்டு வேலைக்கும் காவல் வேலைக்கும் போகக் காத்திருந்தவர்கள் மாதக்கணக்கில் அலைந்தார்கள். இடைத்தரகர்கள் பிழைத்தார்கள். புது இயந்திரங்கள் வந்த பிறகு நிலைமை தேறியது. 2024 மார்ச்சில் சாதாரண 34 பக்க பாஸ்போர்ட்டின் விலை 4,550இலிருந்து 7,550 ஷில்லிங் ஆனது. கடைசி ஐம்பது ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

நிலத்தின் கதை இன்னும் சிக்கல். நைரோபியில் நில ஆவணங்கள் இருக்கும் அலுவலகம் ஆர்தி ஹவுஸ். கோப்பு காணவில்லை என்பது அங்கே பதில் இல்லை, தொழில். 2014இல் அப்போதைய நில அமைச்சர் சாரிட்டி இங்கிலு பதிவகத்தைச் சில நாள் பூட்டிவிட்டு உள்ளே துழாவச் சொன்னார். தொலைந்ததாகச் சொன்ன கோப்புகள் ஆயிரக்கணக்கில் அங்கேயே அகப்பட்டன. இதற்கெல்லாம் முடிவு கட்டத்தான் 2021 ஏப்ரலில் ‘ஆர்திசாசா’ என்ற தளம் வந்தது. முதலில் நைரோபிக்கு மட்டும். வாங்குபவர், விற்பவர், வழக்கறிஞர், வங்கி என்று எல்லோரும் தனித்தனியாக உள்ளே வந்து சம்மதம் தர வேண்டும்; ஒருவர் கணக்கு நின்றால் எல்லாமே நிற்கும். தளம் அடிக்கடி முடங்குகிறது, பரிவர்த்தனைகள் தேங்குகின்றன என்று வழக்கறிஞர்கள் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். காகிதத்தில் இரண்டு பேர் பெயரில் இருக்கும் ஒரு மனை, கணினிக்குள் போனதும் ஒருவர் பெயருக்கு மாறிவிடுமா என்ன? அந்தத் தகராறைத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற முடியும். தீர்ப்பது மென்பொருள்காரர் வேலை இல்லை.

வெளிநாட்டவருக்கும் இதே வாசல்தான். மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகம் பார்க்கப் போகும் நம்மவர்கள் கவனிக்க: 2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா கிடையாது என்று அறிவித்தார்கள், பதிலுக்கு 30 டாலர் கட்டி இணையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். இந்தியர்களுக்கு இது முன்பைவிடச் செலவு குறைவு. ஆனால் அதுவரை எந்தக் காகிதமும் காசும் இல்லாமல் வந்துபோன சில ஆப்பிரிக்க நாட்டவர்கள் திடீரென்று படிவம் நிரப்பிக் காசு கட்ட வேண்டியதாயிற்று. ‘விசா இல்லாத கென்யா’ என்ற அறிவிப்பை அந்த நாடுகளில் சிரித்துத்தான் படித்திருப்பார்கள். பின்னர் பெரும்பாலான ஆப்பிரிக்க நாடுகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

எண்ணும் நீதிமன்றமும்

பணத்துக்கு ஒரே எண் கொடுத்தாயிற்று. ஆளுக்கும் ஒரே எண் கொடுத்துவிடலாம் என்ற முயற்சி அதற்கு முன்பே நடந்து, நீதிமன்றத்தில் சிக்கியிருந்தது. 2018இல் பல சட்டத் திருத்தங்களை ஒன்றாகக் கட்டிய ஒரு மசோதாவுக்குள் நுழைத்து, தேசிய ஒருங்கிணைந்த அடையாளத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கைரேகையோடு மரபணுவும் வீட்டின் புவியிட விவரமும் எடுக்கலாம் என்று அதில் இருந்தது. 2019 ஏப்ரல், மே மாதங்களில் நாடு முழுவதும் முகாம் போட்டு ஏறக்குறைய 3.7 கோடிப் பேரை ‘ஹுடுமா நம்பா’ எண்ணுக்குப் பதிவு செய்தார்கள். செலவு ஆயிரம் கோடி ஷில்லிங்குக்கும் மேல்.

முதலில் வழக்குப் போட்டவர்களில் நூபியர் உரிமை அமைப்பு ஒன்று. நூபியர்கள், பிரிட்டிஷ் படைக்காகச் சூடானிலிருந்து கொண்டுவரப்பட்ட வீரர்களின் வழிவந்தவர்கள். நைரோபியின் கிபேரா அவர்கள் குடியேறிய இடம். நூறாண்டு கடந்தும் அடையாள அட்டை கேட்டுப் போனால் தனியாக ஒரு குழு முன்னால் நிறுத்தி, நீ கென்யன்தானா என்று விசாரிப்பார்கள். சோமாலி வம்சாவளியினருக்கும் இதே கதி. அவர்கள் கேட்டது எளிய கேள்வி: அட்டையே தராமல் இழுத்தடிக்கிறீர்கள், நாளை எல்லாச் சேவைக்கும் இந்த எண் கட்டாயம் என்றால் நாங்கள் எங்கே போவது?

இந்த வழக்கில் இந்தியாவின் நிழல் நன்றாகவே விழுந்தது. ஆதாரில் என்னென்ன கோளாறு நடந்தது என்று சாட்சியம் சொல்ல இந்தியாவிலிருந்து சைபர் பாதுகாப்பு வல்லுநர் ஆனந்த் வெங்கடநாராயணன் வந்தார். ஆதார் பற்றிய இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பை இரு தரப்புமே எடுத்துப் பேசின. 2020 ஜனவரி 30 அன்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மரபணுவும் புவியிட விவரமும் எடுப்பது செல்லாது. மற்றபடி திட்டம் நடக்கலாம், ஆனால் முதலில் ஒழுங்கான சட்ட ஏற்பாடு வேண்டும். கென்யாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2019 நவம்பரில், அதாவது 3.7 கோடிப் பேரின் ரேகையை எடுத்து முடித்த பிறகு வந்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு அரசியலமைப்பு அறிஞர் யாஷ் பால் காய் உள்ளிட்டோர் மறுபடி வழக்குத் தொடுத்தார்கள். 2021 அக்டோபரில் நீதிபதி ஜைரஸ் ங்கா, மக்களின் தரவுக்கு என்ன பாதிப்பு வரும் என்ற மதிப்பீட்டைச் செய்யாமல் அட்டை வழங்கியது சட்டவிரோதம் என்றார். திட்டம் அத்தோடு செத்தது. ரூட்டோ அரசு ‘மாயிஷா நம்பா’ என்ற வேறு பெயரில் 2023இல் திரும்பக் கொண்டுவந்தது; அதுவும் தடை, தடை நீக்கம், மறுபடி தடை, மறுபடி நீக்கம் என்று போனது.

எண்ணுக்குள் நுழைய முடியாதவர்களில் இன்னொரு கூட்டம் உண்டு. சோமாலிய எல்லைக்கு அருகே கரிசாவில் தாதாப் அகதி முகாம்கள் இருக்கின்றன. வறட்சிக் காலத்தில் சுற்றுவட்டாரத்துக் கென்யக் குடும்பங்கள், ரேஷன் கிடைக்கும் என்று தங்கள் பிள்ளைகளையும் அகதிகளாகப் பதிந்துவிட்டார்கள். பசிக்கு வேறு வழி இல்லை. அந்தப் பிள்ளைகள் 18 வயதில் அடையாள அட்டைக்கு விரலை வைத்தால், ரேகை அகதிப் பட்டியலில் பொருந்தும், விண்ணப்பம் தள்ளுபடி. அட்டை இல்லாமல் சிம் இல்லை, சிம் இல்லாமல் எம்-பெசா இல்லை, அது இல்லாமல் இ-சிட்டிசன் இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்காக இப்படித் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கணினி இங்கே பிழை செய்யவில்லை. மிகச் சரியாக வேலை செய்தது. 2025 பிப்ரவரியில் ரூட்டோ வடகிழக்குக்குப் போய், எல்லைப்புறச் சமூகங்களைத் தனியே விசாரிக்கும் முறை முடிந்தது என்று அறிவித்தார்.

மருத்துவமனையும் பள்ளிக்கூடமும்

இப்போது சண்டை நடப்பது உடல்நலத்தில். 2024 அக்டோபர் 1 முதல் பழைய தேசிய மருத்துவக் காப்பீட்டை மூடிவிட்டு, புதிய சமூக உடல்நல ஆணையத்துக்கு எல்லோரையும் மாற்றினார்கள். மாதச் சம்பளம் வாங்காதவர்களிடம் வீட்டின் கூரை என்ன, தண்ணீர் எங்கிருந்து, கால்நடை எத்தனை என்ற மாதிரிக் கேள்விகள் கேட்டு, வருமானத்தைக் கணினியே ஊகித்துச் சந்தா சொல்லும். ஆரம்ப வாரங்களில் மருத்துவமனை வாசலில் எங்கும் ஒரே பேச்சு: ‘சிஸ்டம் இல்லை.’ டயாலிசிஸுக்கு வந்தவர்களும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வந்தவர்களும் கையிலிருந்து கட்டினார்கள், கட்ட முடியாதவர்கள் திரும்பினார்கள். அந்த மென்பொருள் அமைப்பின் மதிப்பு 10,480 கோடி ஷில்லிங். சஃபாரிகாம் தலைமையிலான கூட்டமைப்பு அதைத் தருகிறது. அவ்வளவு விலைக்கும் அமைப்பு அரசுக்குச் சொந்தமில்லை என்று தலைமைத் தணிக்கையாளர் 2025இல் சுட்டிக்காட்டினார். இ-சிட்டிசனில் பத்தாண்டு பட்டும் அதே ஒப்பந்தத்தை இன்னும் பெரிய தொகைக்கு எழுதியிருக்கிறார்கள்.

கென்யாவில் டிஜிட்டல் மீது நம்பிக்கை வந்த ஒரு தருணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2017 அதிபர் தேர்தலை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்கு ஒரு காரணம், முடிவுகள் கணினி வழியாக வந்த விதம் சரிபார்க்க முடியாதபடி இருந்தது. 2022இல் தேர்தல் ஆணையம் 46,229 வாக்குச்சாவடிகளின் முடிவுப் படிவங்களையும் படமெடுத்துப் பொதுத் தளத்தில் போட ஏற்பாடு செய்தது. செய்தி நிறுவனங்களும் கல்லூரி மாணவர்களும் உட்கார்ந்து தாங்களே கூட்டிப் பார்த்தார்கள். வாங்குவதும் இல்லை, கட்டுவதும் இல்லை; இருப்பதைத் திறந்து காட்டியதுதான் அதில் நடந்தது.

பள்ளிக் கட்டணத்தில் அந்தப் பக்குவம் இல்லை. 2024 தொடக்கத்தில், தேசியப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் கட்டணத்தைப் பெற்றோர் இ-சிட்டிசன் வழியாகத்தான் கட்ட வேண்டும் என்று கல்வித் துறை உத்தரவிட்டது. தலைமை ஆசிரியர்கள் வசூலில் கைவைப்பதைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். பெற்றோர் தரப்பின் கணக்கு வேறு. பல பள்ளிகளில் பணம் இல்லாத பெற்றோரிடம் மக்காச்சோளம், பீன்ஸ், விறகு என்று வாங்கிக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். சிலரிடம் தவணைக்குச் சம்மதிப்பார்கள். ஊர்த் தலைமை ஆசிரியரிடம் பேசி முடிக்கும் விஷயம். 222222 என்ற எண்ணிடம் யார் பேசுவது? சில்லறை சில்லறையாகக் கட்டுபவருக்கு ஒவ்வொரு முறையும் 50 ஷில்லிங் வேறு. சில வாரங்களிலேயே உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2025 ஏப்ரலில் நீதிபதி சாச்சா முவிதா, மக்களைக் கலந்து பேசாமலும் சட்டத்தின் துணை இல்லாமலும் போட்ட உத்தரவு இது என்று சொல்லி அதை ரத்து செய்தார். அந்த 50 ஷில்லிங்கைப் பெற்றோரிடம் வாங்கச் சட்டத்தில் இடம் எங்கே இருக்கிறது என்பதும் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று. பாஸ்போர்ட்டிலும் நன்னடத்தைச் சான்றிலும் அதே கேள்வியை யாராவது எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனால் அரசு என்ன சொல்லும் என்பதை நைரோபி வழக்கறிஞர்கள் ஏற்கெனவே யோசித்திருப்பார்கள்.